சாஸா... கிரேவியா...?

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் தன்னம்பிக்கை, நட்பு, வேலைவாய்ப்பு என்று நல்ல தலைப்புகளை எல்லாம் மற்றத் துறைக்காரர்கள் முந்திக்கொண்டு எடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு மிச்சம் கிடைத்தது தக்காளி! சிரிக்காதீர்கள். கடல் கடந்து போன ஒரு ஜனக்கூட்டம், தன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற தக்காளிக் குழம்புக்கு என்ன பெயர் என்று நாலு தலைமுறையாக வாக்குவாதம் செய்து கொண்டிருக்கிறது. அந்த வாக்குவாதத்துக்குள் நுழைந்து பார்த்தால் சமையலைவிடச் சரித்திரம்தான் அதிகம் இருக்கிறது.

விஷயம் என் காதில் விழுந்த விதமே வேடிக்கை. விடுதியில் ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு லேப்டாப்பைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து 'குட்ஃபெல்லாஸ்' படம் பார்த்தோம். மார்ட்டின் ஸ்கார்சேசி எடுத்து 1990-ல் வெளிவந்த படம். கடைசிக் கட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கதாநாயகன் ஹென்றி காரில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுற்றுகிறான். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் துரத்துகிறது. அவனுக்கோ அடுப்பில் இருக்கிற தக்காளிக் குழம்பின் மேலேயே கண்! தம்பியிடம் அதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போகிறான். "டேய், போலீஸ் புடிக்க வருது, இவன் அடிப்பிடிக்குமான்னு கவலைப்படுறான் பாருடா!" என்று பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் கவனித்தது வேறு. அந்த ஹென்றி ஒரு இடத்தில் அதை 'கிரேவி' என்கிறான், இன்னொரு இடத்தில் 'சாஸ்' என்கிறான். ஒரே சட்டி, ஒரே ஆள், இரண்டு பெயர். ஏன்?

அங்கே பிடித்த பூதம்தான், அப்புறம் என்னை விடவில்லை.

அமெரிக்காவில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. பிலடெல்பியா நகரத்தின் தென்பகுதியில் கிரேவி கட்சிக்குப் பலம் அதிகம். நியூ ஜெர்சியிலும் அப்படியே பல வீடுகள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இந்த வீட்டில் சாஸ், எதிர் வீட்டில் கிரேவி. கிரேவிக்காரர்களைக் கேட்டால், "கறி போட்டு மணிக்கணக்கா கொதிச்சாத்தான் அது கிரேவி. கறி இல்லாம அரை மணியில இறக்குறது சாஸ்" என்பார்கள். சாஸ்காரர்களோ, "கிரேவியா? அது வறுத்த வான்கோழி மேல ஊத்துறதுல்ல!" என்பார்கள். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஓட்டலில் பரோட்டாவுக்கு ஊற்றுகிற கிரேவியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டாம். ஆங்கிலேயன் சமையலில் கிரேவி என்றால், வறுத்த இறைச்சியிலிருந்து வடிகிற சாற்றில் மாவைக் கரைத்துக் கெட்டியாக்கிய பழுப்புக் குழம்பு. தக்காளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதனால்தான் இத்தாலியிலிருந்து நேரே வருகிறவர்கள் இந்தக் 'கிரேவி'யைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "மொழியையும் மறந்தீர்கள், பெயரையும் மறந்தீர்கள்" என்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பு நியாயமா? இதுதான் என் கேள்வி. முதலில் சிரிப்பவர்கள் ஊரில் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிடுவோமே!

இத்தாலியில் தக்காளிக் குழம்புக்கு ஒரு பெயரா இருக்கிறது? சல்சா என்பார்கள். சூகோ என்பார்கள். கறி சேர்ந்தால் ரகூ என்பார்கள் (நம்முடைய ராகு காலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!). ஜெனோவாக்காரர்கள் தங்கள் கறிக் குழம்பைத் தொக்கோ என்கிறார்கள். நம் வீட்டுத் தக்காளித் தொக்கு ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் அது வெறும் தற்செயல்தான், ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்.

பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவர் 1891-ல் பிளாரன்ஸ் நகரத்தில் சொந்தச் செலவில் ஒரு சமையல் புத்தகம் போட்டார். இத்தாலிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற புத்தகம் அது. அதிலேயே அவர் பாத்தி கட்டிப் பிரிக்கிறார். தக்காளியை மட்டும் வேகவைத்து வடிகட்டினால் சூகோ. வெங்காயம், பூண்டு, செலரி, துளசி ஜாதியைச் சேர்ந்த பேசில் இலை எல்லாம் சேர்த்தால் சல்சா. அதே இடத்தில் ஒரு கதையும் சொல்கிறார். ஒரு ஊரில் ஒரு பாதிரியார் எல்லார் வீட்டு விவகாரத்திலும் மூக்கை நுழைப்பாராம். ஊர் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'தக்காளிச் சாமியார்'. ஏனென்றால் தக்காளிதான் எல்லாச் சட்டியிலும் இருக்கும்! ஆனால் அர்த்தூசி பிரித்த பிரிவை இன்றைக்கு ஊரெல்லாம் அப்படியே பின்பற்றுகிறார்களா என்றால், இல்லை. ஒரு ஊரின் சூகோ இன்னொரு ஊரில் சல்சா.

சரி, பெயர்தான் குழப்பம், பொருளாவது இத்தாலியுடையதா? அதுவும் இல்லை. தக்காளி மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. ஸ்பானியர்கள் மூலம் பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. மத்தியோலி என்ற வைத்தியர் 1544-ல் அதைக் கத்தரிக்காய் வகையோடு சேர்த்துத்தான் எழுதினார். 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி எழுதிய சமையல் நூலில் ஒரு தக்காளி சாஸ் இருக்கிறது. அதற்கு அவரே கொடுத்த பெயர் 'ஸ்பானியப் பாணி'. அதுவும் பாஸ்தாவுக்கு ஊற்ற அல்ல. பாஸ்தாவும் தக்காளியும் சேர்ந்து நேப்பிள்ஸ் வீட்டுச் சாப்பாடாகப் புத்தகத்தில் ஏறியது கவல்காந்தியின் நூலில், 1839-ல். அதாவது ரயில் வண்டியும் தக்காளி போட்ட பாஸ்தாவும் ஏறக்குறைய ஒரு வயது! 'ரகூ' என்ற சொல்லோ அப்பட்டமான பிரெஞ்சு. நேப்பிள்ஸ் அரண்மனைக்கும் பிரபுக்கள் வீட்டுக்கும் வந்த பிரெஞ்சுச் சமையல்காரர்களோடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சமையல்காரர்களுக்கே அங்கே 'மொன்ஸூ' என்றுதான் பெயர், 'மொஸ்யே' என்ற பிரெஞ்சு மரியாதைச் சொல்லின் திரிபு. இதெல்லாம் போதாதென்று, நேப்பிள்ஸில் வெங்காயத்தையும் மாட்டிறைச்சியையும் மணிக்கணக்கில் வேகவைத்து ஒரு குழம்பு வைக்கிறார்கள். தக்காளியே கிடையாது. அதன் பெயர் 'ஜெனோவேசே', ஜெனோவாக்காரக் குழம்பு! ஜெனோவாவில் போய்க் கேட்டால் அப்படி ஒன்று எங்களிடம் இல்லையே என்று விழிப்பார்கள்.

பெயர்ச் சண்டையில் வட இத்தாலியின் போலோஞா நகரத்தை மிஞ்ச ஆள் இல்லை. 1982 அக்டோபர் 17-ம் தேதி அந்த ஊர் வர்த்தக சபையில் போய் 'ரகூ' செய்முறையைப் பதிவே செய்துவிட்டார்கள்! 2023-ல் அதைத் திருத்தியும் பதிந்தார்கள். அதில் பால் உண்டு. தக்காளி ஏதோ விருந்தாளி மாதிரி ஓரமாகத்தான் நிற்கிறது. அதற்குப் பத்து வருடம் முன்னால், 1972-ல், அந்தக் குழம்புக்குத் தோதான தல்யதெல்லே என்ற பட்டைப் பாஸ்தாவின் அகலத்தையும் பதிவு செய்தார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். அதாவது ஊர் நடுவில் நிற்கிற அசிநெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. நான் மெக்கானிக்கல் மாணவன் ஆயிற்றே, விடுவேனா? கோபுரம் 97.2 மீட்டர். வகுத்துப் பார்த்தேன், 7.92 மில்லிமீட்டர் வருகிறது. டாலரன்ஸ் எவ்வளவு என்று மட்டும் எழுதவில்லை. நம் மெட்ராலஜி லேபில் வெர்னியரை வைத்து அளந்தால் எத்தனை பாஸ்தா ரிஜெக்ட் ஆகுமோ!

இதைக் கேலியாகச் சொன்னேனே தவிர, கேலிக்கு ஒரு எல்லை உண்டு என்பதை அமாத்ரீச்சே என்ற மலை ஊரின் கதை எனக்குச் சொன்னது. அந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு தக்காளிக் குழம்பு இருக்கிறது, அமாத்ரிச்சானா. பன்றியின் கன்னத்துக் கொழுப்பு, செம்மறியாட்டுப் பால் சீஸ், தக்காளி, அவ்வளவுதான். 2015-ல் கார்லோ கிராக்கோ என்ற பிரபல சமையல்காரர் தொலைக்காட்சியில், தான் அதில் பூண்டு போடுவதாகச் சொல்லிவிட்டார். ஊராட்சியே எதிர்ப்புத் தெரிவித்தது! பூண்டுக்காக ஒரு ஊரே கோபித்துக்கொண்டதா என்று உலகம் சிரித்தது. அடுத்த வருடம், 2016 ஆகஸ்ட் 24 அதிகாலையில், நிலநடுக்கம். அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 300 பேர் மாண்டார்கள். அதில் பெரும்பாலோர் அமாத்ரீச்சேக்காரர்கள். ஊர் தரைமட்டம். அதற்குப் பிறகு இத்தாலியிலும் வெளிநாடுகளிலும் எத்தனையோ உணவகங்கள், விற்கிற ஒவ்வொரு தட்டு அமாத்ரிச்சானாவுக்கும் இரண்டு யூரோ என்று ஒதுக்கி அந்த ஊருக்கு அனுப்பின. கட்டிடங்கள் போன பிறகும் ஊரின் பெயரைத் தட்டில் வைத்துச் சுமந்தது அந்தக் குழம்பு. பூண்டு கூடாது என்று அவர்கள் ஏன் அடம் பிடித்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இனி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் நேப்பிள்ஸ் அடுப்பை ஒரு முறை எட்டிப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் கிரேவியின் தாய்வீடு அதுதான்.

நேப்பிள்ஸ் ரகூவில் கொத்துக்கறி கிடையாது. பெரிய பெரிய துண்டங்களாகப் பன்றி விலா, உருட்டிக் கட்டிய மாட்டிறைச்சி. முதலில் கொழுப்பில் வெங்காயத்தோடு சிவக்க வறுத்து, ஒயின் ஊற்றி வற்றவிட்டு, அப்புறம் தக்காளி. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: காத்திருப்பது. நாலு மணி, ஐந்து மணி, ஆறு மணி நேரம்கூட. தீ எவ்வளவு குறைவு என்றால், குழம்பின் மேல் ஒரு குமிழ் மெல்ல எழும்பி 'பிப்' என்று உடைய வேண்டும், கொஞ்சம் பொறுத்து அடுத்தது. அந்தச் சத்தத்துக்கே அவர்கள் பாஷையில் ஒரு வினைச்சொல் இருக்கிறது: பிப்பியாரே. ஏன் இத்தனை நேரம்? கறியின் நார்களில் இருக்கிற கொலாஜன் நிதானமான சூட்டில்தான் ஜெலட்டினாக மாறிக் குழம்பில் கரையும். குழம்புக்குக் கெட்டித்தன்மை அதிலிருந்து வருகிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் எண்ணெயில் கரையும் பொருள், அதனால் மேலே மிதக்கிற கொழுப்பும் செக்கச்செவேல் என்று ஆகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். குழம்பு கெட்டியாக ஆக விஸ்காசிட்டி கூடும், உள்ளே தானாக நடக்கிற சுழற்சி குறையும். அடியில் இருக்கிற குழம்பு அங்கேயே நின்று கருகும். ஆகவே, யாராவது ஒருவர் மரக்கரண்டியோடு பக்கத்திலேயே இருந்தாக வேண்டும்! ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படித்தவனுக்கு அந்த ஹென்றி ஏன் கவலைப்பட்டான் என்பது புரியும்.

ஒரு ஆள் வீட்டை விட்டு நகர முடியாது என்றால், சட்டியைச் சுற்றிக் குடும்பம் சேரும். எதுவார்தோ தெ பிலிப்போ என்ற நேப்பிள்ஸ் நாடக மேதை 1959-ல் எழுதிய 'சனி, ஞாயிறு, திங்கள்' நாடகமே இந்த ரகூவைச் சுற்றித்தான் நடக்கிறது. சனிக்கிழமை அடுப்பில் ஏறுகிறது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் புருஷன் பெண்டாட்டிச் சண்டை வெடிக்கிறது. சாப்பிடுகிற முறையும் உண்டு. சட்டியிலிருந்து கறியைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். குழம்பு மட்டும் பாஸ்தாவுக்கு. கறி அதற்குப் பின்னால், இரண்டாவது பந்தியாக வரும். ஒரு சட்டி, இரண்டு சாப்பாடு.

ஆனால் இந்த விருந்தெல்லாம் யார் வீட்டில்? இங்கேதான் விஷயமே இருக்கிறது, நண்பர்களே. 1880-லிருந்து 1920 வரை நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். பெரும்பாலோர் தெற்கிலிருந்து: நேப்பிள்ஸைச் சுற்றிய கம்பானியா, கலாப்ரியா, சிசிலி. நிலம் இல்லாத கூலி விவசாயிகள். அவர்களில் பலருக்கு இறைச்சி என்பது கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கல்யாணம் போன்ற நாட்களில் கண்ணில் படுகிற பண்டம். பெரிய துண்டம் போட்ட ரகூ பண்ணையார் வீட்டு ஜன்னல் வழியாக வருகிற வாசனை. அப்படிப்பட்டவன் பிலடெல்பியாவிலோ நியூயார்க்கிலோ மண் வெட்டி, சுரங்கம் தோண்டி, தையல் கடையில் முதுகு ஒடிய உழைத்து வாரச் சம்பளம் வாங்கினான். அங்கே இறைச்சி மலிவு. ஞாயிற்றுக்கிழமை வந்தது. சட்டி நிறையக் கறி! வருடத்துக்கு இரண்டு நாள் நடந்த பண்டிகை, வாரத்துக்கு ஒரு நாள் நடக்க ஆரம்பித்தது.

ஆக, அவர்கள் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் வைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சூகோ என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் இறைச்சிச் சாறு என்றும் அர்த்தம் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு நேர்ச் சொல் கிரேவி. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! அதைவிட முக்கியம், வாராவாரம் கறி போட்ட குழம்பு என்ற அந்தப் பொருளே அவர்களுக்கு அமெரிக்காவில்தான் கிடைத்தது. பொருள் கிடைத்த தெருவிலேயே பெயரும் கிடைத்தது. பாட்டன் ஊரில் இல்லாத ஒன்றுக்குப் பாட்டன் ஊர்ப் பெயர் எப்படி இருக்கும்? கிரேவி என்பது மறந்துபோன இத்தாலியச் சொல்லின் உளறல் என்று சிரிக்கிறவர்கள் இந்த ஒரு இடத்தைத் தவற விட்டுவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

மொழி மறந்தது மட்டும் நிஜம். அதற்கும் காரணம் உண்டு. இத்தாலி ஒரே நாடானதே 1861-ல். கப்பல் ஏறியவர்கள் பேசியது பள்ளிக்கூட இத்தாலியம் அல்ல, அவரவர் ஊர் வட்டார மொழி. நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சில் சொல்லின் கடைசி உயிரெழுத்து காற்றில் கரைந்துவிடும். அதனால்தான் நியூ ஜெர்சிக் கடைகளில் இன்றும் மொட்சரெல்லா 'மொட்சரெல்' ஆகிறது, காப்போகொல்லோ என்ற பன்றிக் கறி 'கபகூல்' ஆகிறது. 1999 முதல் 2007 வரை ஓடிய 'தி சோப்ரானோஸ்' தொடர் இந்தப் பேச்சையும் கிரேவியையும் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த வட்டாரப் பேச்சும் வீட்டுக்குள் நிம்மதியாக வாழவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1941 டிசம்பரில் இத்தாலியும் அமெரிக்காவும் எதிரி நாடுகள் ஆயின. குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டார்' என்று முத்திரை குத்தப்பட்டார்கள். எதிரியின் மொழியைப் பேசாதே என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1942 அக்டோபரில் அந்த முத்திரையை நீக்கினார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பிள்ளையிடம் தன் பாஷையில் பேசப் பயந்துபோன தாய், அக்டோபர் வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிடுவாளா? பேரப் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது பத்துப் பதினைந்து சமையலறைச் சொற்களும் ஒரு சட்டியும்தான்.

போதாக்குறைக்கு, 1937-ல் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரத்தில் ஒரு இத்தாலியத் தம்பதி 'ரகூ' என்ற பெயரிலேயே பாட்டில் சாஸ் விற்க ஆரம்பித்தார்கள். வியாபாரம் ஓகோ என்று போனது. இதனால் அமெரிக்கனுக்கு ரகூ என்றால் கடை அலமாரி பாட்டில் என்று ஆகிவிட்டது. இனி வீட்டுச் சட்டிக்கு அந்தப் பெயரை எப்படி வைப்பது? கிரேவி கட்சிக்கு இதுவும் ஒரு வலு.

இதே கதை தெற்கே அர்ஜென்டினாவில் வேறு மாதிரி போனது. புவெனஸ் ஐரிஸ் துறைமுகத்து லா போகா பகுதியில் வந்து குடியேறியவர்களில் ஜெனோவாக்காரர்கள் அதிகம். அங்கே பேசுவது ஸ்பானிய மொழி, இத்தாலியத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. எனவே மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை. தொக்கோ 'தூகோ' ஆயிற்று. ஜெனோவாவோடு எந்த உறவும் இல்லாத அர்ஜென்டினாக்காரன்கூட இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்தா மேல் தூகோ ஊற்றிச் சாப்பிடுகிறான்.

என் ஓட்டு கிரேவிக்கு. இத்தாலி போய்ப் பார்த்தவனா நீ, அந்தக் குழம்பைச் சாப்பிட்டாவது பார்த்தாயா என்று கேட்டால், இல்லை. மெஸ் ரசத்தைத் தாண்டி என் நாக்குக்கு இன்னும் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை! ஆனால் ஓட்டுப் போட அது தடையில்லை என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கேயும் தெற்கு இத்தாலியர்கள் ஏராளம். ஆனால் அங்கே யாரும் கிரேவி என்று சொல்வதாகக் காணோம். அவர்களில் பெரும்பாலோர் போனது 1945-க்குப் பிறகு. பள்ளிக்கூடமும் வானொலியும் கற்றுத் தந்த இத்தாலியத்தைக் காதில் வைத்துக்கொண்டு போனவர்கள். ஆகவே 'சல்சா' அப்படியே கூடப் போயிற்று. எந்த ஊர்க்காரன் என்பதோடு, எந்த வருடத்துக் கப்பல் என்பதையும் பெயர் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

மெல்போர்னிலும் சிட்னியிலும் அந்தக் குடும்பங்களுக்கு வருடத்தில் ஒரு தக்காளி நாள் உண்டு. இத்தாலியில் ஆகஸ்டில் செய்கிற வேலை, பூமியின் அந்தப் பக்கத்தில் கோடை மாறி வருவதால் பிப்ரவரி வாக்கில் நடக்கும். பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கும். விடியற்காலையில் மாமன், மச்சான், சித்தி, பேரன் பேத்தி எல்லாரும் பின்கட்டில் கூடிவிடுவார்கள். ஒருவர் கழுவ, ஒருவர் அரைக்க, தோலும் விதையும் ஒரு பக்கம், சாறு ஒரு பக்கம். பழைய பீர் பாட்டில்களில் நிரப்புவார்கள். ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் ஒரு பேசில் இலையைத் திணிப்பது பெரும்பாலும் குழந்தைகள் வேலை. மூடியை அழுத்தி அடைத்து, பெரிய இரும்பு டிரம்மில் அடுக்கி, பாட்டில்கள் மோதாமல் நடுவே பழந்துணியைச் செருகி, தண்ணீர் ஊற்றி, அடியில் விறகை வைத்துக் கொதிக்கவிடுவார்கள். அப்புறம் நெருப்பை அணைத்துவிட்டு எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். சூட்டோடு வெளியே எடுத்தால் கண்ணாடி விரிசல் விடும். அதனால் மறுநாள் காலை தண்ணீர் தானாக ஆறும் வரைக்கும் அந்த டிரம் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது பாட்டியின் கட்டளை.